மணல் ஈ எங்கே குடியிருக்கிறது, நோய் எங்கே வருகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணல் ஈ என்றால் கடற்கரையில் கடிக்குமே, அதுவா?

இல்லை. கடற்கரையில் மாலை நேரத்தில் காலைச் சுற்றிக் கடிக்கிற பொடிப்பூச்சியையும் பலர் மணல் ஈ என்றே சொல்வதால் இந்தக் குழப்பம் வருகிறது, அது வேறு குடும்பம். இங்கே பேசுவது ஃபிளெபாட்டோமஸ், லுட்சோமையா என்ற பேரினங்களைச் சேர்ந்த ஈக்களைப் பற்றி. ஃபிளெபாட்டோமஸ் ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பாவில் இருக்கிறது. லுட்சோமையா அமெரிக்கக் கண்டங்களில். உடம்பு ஒன்றரை முதல் மூன்றரை மில்லிமீட்டர்தான், கொசுவில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மண் நிறம், உடம்பெல்லாம் ரோமம். உட்காரும்போது இரண்டு இறக்கையையும் மேல்நோக்கி விரித்து வைத்திருக்கும், இந்த ஒரு அடையாளம் தெரிந்தால் போதும், வேறு எந்தப் பூச்சியோடும் குழம்ப மாட்டீர்கள். கொசு போல ரீங்காரம் கிடையாது. கடித்த பிறகுதான் தெரியும்.

என்னென்ன நோய்களைப் பரப்பும்?

முதலில் லீஷ்மேனியாசிஸ். லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியில் 20-க்கும் மேற்பட்ட இனங்கள் மனிதனைத் தாக்குகின்றன. சில தோலில் ஆறாத புண்ணாக வரும், சில மூக்கையும் வாயையும் அரிக்கும், சில மண்ணீரலுக்கும் கல்லீரலுக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் போய்விடும். கடைசியில் சொன்னதுதான் காலா அசார் என்ற கருங்காய்ச்சல், சிகிச்சை இல்லாமல் விட்டால் 95 சதவீதத்துக்கு மேல் மரணம்தான். உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏழு லட்சம் முதல் பத்து லட்சம் பேருக்குப் புதிதாக லீஷ்மேனியாசிஸ் வருவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இது போக மணல் ஈக் காய்ச்சல் என்ற மூன்று நாள் வைரஸ் காய்ச்சல், குழந்தைகளின் மூளையைத் தாக்கும் சண்டிபுரா வைரஸ், ஆண்டிஸ் மலையில் காரியோன் நோய் என்ற பாக்டீரியா நோய் என்று பட்டியல் நீளும்.

தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்தானே?

இந்தக் கேள்விதான் எனக்கு அடிக்கடி வருகிறது, இதற்குப் பதில் சொன்னாலே பாதி விஷயம் தெளிந்துவிடும். போதாது. கொசுவின் புழு தண்ணீரில் வளரும், மணல் ஈயின் புழு மண்ணில் வளரும். பெண் ஈ ரத்தம் குடித்த சில நாட்களில் ஈரமான, இருட்டான, மட்கிய பொருள் கலந்த மண்ணில் முட்டையிடும். மாட்டுத்தொழுவத்தில் சாணம் கலந்த மண், சுவரோரம் சேர்ந்த குப்பை மண், எலி வளையின் அடிப்பகுதி, காட்டில் இலைச்சருகுக்குக் கீழே, கறையான் புற்றுக்குள் என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கும். புழு அந்த மட்கையே தின்று நான்கு பருவம் கடந்து கூட்டுப்புழுவாகும். சூடான இடத்தில் ஐந்தாறு வாரத்தில் முடிந்துவிடும், குளிர் நாடுகளில் நான்காம் பருவப் புழு குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து கோடையில்தான் ஈயாக வெளியே வரும்.

ஆனால் அந்த மண்ணைக் கண்டுபிடிப்பது லேசு இல்லை. கொசுப்புழுவைத் தொட்டியில் எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மணல் ஈப் புழுவைத் தேடினால் கூடை கூடையாக மண்ணை அள்ளிச் சலித்துப் பார்த்தும் ஒன்றிரண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். அதனால்தான் புழுவை அழித்து ஈயைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலான இடங்களில் நடப்பதில்லை, வளர்ந்த ஈ ஒதுங்கும் இடத்தில்தான் மருந்து அடிக்கிறார்கள்.

பகலில் கண்ணிலேயே படுவதில்லையே, எங்கே போகிறது?

மெல்லிய தோல், சின்ன உடம்பு, வெயிலில் சீக்கிரம் காய்ந்து செத்துப்போகும். அதனால் பகல் முழுக்க குளிர்ந்த, ஈரமான, காற்று அசையாத இருட்டுக்குள் ஒதுங்கிக் கிடக்கும். விடிகாலையில் ஒரு மாட்டுத்தொழுவத்துக்குள் போய் மண்சுவரை டார்ச் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். பூச்சு பெயர்ந்த இடத்தில், விரல் நுழையாத வெடிப்பின் உதட்டோரமாக, ஒரு தூசி ஒட்டியிருப்பது போல இருக்கும். ஊதினால் பறந்து போகாது, ஒரு சாண் தள்ளித் தத்தி உட்காரும். அந்தத் தத்தலை வைத்துத்தான் அது மணல் ஈ என்று கண்டுகொள்கிறோம். வயிறு சிவந்து உப்பியிருந்தால் இரவு ரத்தம் குடித்தது, கறுத்திருந்தால் செரித்துக்கொண்டிருக்கிறது, வெளுத்திருந்தால் முட்டை முற்றிவிட்டது.

மணல் ஈயைப் பற்றி நினைக்கும்போது அந்த வெடிப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒதுங்க ஒரு ஈர இருட்டு, முட்டையிட மட்கிய மண், குடிக்க ரத்தம், மூன்றும் கூப்பிடு தூரத்துக்குள் இருக்கும் இடத்தில்தான் அது வாழும். இடத்துக்கு இடம் அந்த இருட்டின் வடிவம் மட்டும் மாறுகிறது, கீழே வருகிற கதையெல்லாம் அதுதான்.

எவ்வளவு தூரம் பறக்கும்?

பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். இரண்டு கிலோமீட்டர் வரை போன இனங்களும் உண்டு, ஆனால் அது விதிவிலக்கு. கொஞ்சம் காற்று அடித்தாலே பறப்பதை நிறுத்திவிடும். ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு நோயாளிகள் இருக்க, அடுத்த தெருவில் ஒருவருக்கும் இல்லாமல் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

பாலைவனத்தில்கூட இருக்கிறதாமே, அங்கே ஈரம் ஏது?

மேலே இல்லை, கீழே இருக்கிறது. மத்திய ஆசியாவின் பாலையில் பெரிய ஜெர்பில் என்ற எலி போன்ற கொறிணி மண்ணுக்குள் கிளை கிளையாக வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கிறது. வெளியே மணல் கொதிக்கும்போது வளையின் ஆழத்தில் வெப்பம் ஏறாது, ஈரப்பதம் நிலையாக இருக்கும். ஜெர்பில் கொண்டுவந்து போட்ட செடிகொடியும் அதன் கழிவும் சேர்ந்து மட்காகும். ரத்தமும் அங்கேயே கிடைக்கும். ஃபிளெபாட்டோமஸ் பாப்பட்டாசி என்ற ஈக்கு வெளியே வரவேண்டிய அவசியமே இல்லை, முட்டை முதல் சாவு வரை எல்லாமே வளைக்குள் முடியலாம், ஆனாலும் இரவில் வளைக்கு வெளியேயும் வரும். லீஷ்மேனியா மேஜர் என்ற ஒட்டுண்ணியும் ஜெர்பிலுக்கும் ஈக்கும் நடுவே சுற்றிக்கொண்டே இருக்கிறது, மனிதன் இல்லாமலேயே.

1941-இல் லாட்டிஷேவ், குரியூகோவா என்ற இரு சோவியத் ஆய்வாளர்கள் துர்க்மெனியாவில் (இன்றைய துர்க்மெனிஸ்தான்) இதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குச் சற்று முன்னால்தான் பாவ்லோவ்ஸ்கி என்ற சோவியத் விலங்கியலாளர், நோய்க்கும் நிலத்தோற்றத்துக்கும் தொடர்பு உண்டு, மனிதன் காலடி வைப்பதற்கு முன்பே சில நோய்கள் அந்த நிலத்தில் குடியிருக்கும் என்ற கருத்தை முன்வைத்திருந்தார். பாலைக்குள் கால்வாய் வெட்டப் போனவர்கள், முகாம் போட்ட படைவீரர்கள், புதிதாகக் குடியேறியவர்கள் என்று யார் அந்த வளைகளுக்குப் பக்கத்தில் இரவு படுத்தார்களோ அவர்களுக்குப் புண் வந்தது. வளைகளை ஆழமாக உழுது அழித்து, கொறிணிகளுக்கு நஞ்சு வைத்த இடங்களில் நோய் குறைந்தது.

வட ஆப்பிரிக்காவிலும் மத்தியக் கிழக்கிலும் ஜெர்பிலின் இடத்தில் கொழுத்த மணல் எலி இருக்கிறது. உப்பு மண்ணில் வளரும் சதைப்பற்றான செடிகளைத் தின்றே வாழ்கிற பிராணி. அந்தச் செடிப்புதர் எங்கே இருக்கிறதோ அங்கே எலி, எலி இருந்தால் வளை, வளை இருந்தால் ஈ. ஒரு செடியைப் பார்த்து ஒரு நோயின் இருப்பிடத்தைச் சொல்ல முடியும் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்பாக இருக்கிறது.

கருங்காய்ச்சல் ஏன் பீகார், வங்காளப் பக்கமே அதிகம்?

கங்கை, பிரம்மபுத்திரா சமவெளியின் வண்டல் மண், உயர்ந்த நிலத்தடி நீர், மழைக்காலத்தில் இறங்காத ஈரப்பதம், மண்ணும் சாணமும் பூசிய வீடுகள், வீட்டோடு ஒட்டிய தொழுவம், சுற்றி வாழையும் மூங்கிலும். ஃபிளெபாட்டோமஸ் அர்ஜென்டிபெஸ் என்ற ஈக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. அது மாட்டு ரத்தத்தைத்தான் அதிகம் விரும்பும், ஆனால் மாட்டுக்குப் பக்கத்தில் மனிதன் தூங்கினால் அவனையும் விடாது. மாட்டுக்கு இந்த நோய் தொற்றிப் பரவுவதாகத் தெரியவில்லை, இங்கே ஒட்டுண்ணியைச் சுமப்பது மனிதன்தான்.

1903-இல் சென்னையில் டோனவன் என்ற மருத்துவர் நோயாளியின் மண்ணீரலிலிருந்து எடுத்த மாதிரியில் ஒட்டுண்ணியைப் பார்த்தார், அதே ஆண்டு லீஷ்மன் என்ற இன்னொரு மருத்துவரும் லண்டனிலிருந்து தன் கண்டுபிடிப்பை வெளியிட்டார். லீஷ்மேனியா டோனோவானி என்ற பெயரில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். ஆனால் எந்தப் பூச்சி பரப்புகிறது என்பது நெடுநாள் புரியவில்லை. மூட்டைப்பூச்சி மேல்கூட சந்தேகம் இருந்தது. 1920-களில் சின்டன் என்ற மருத்துவர் இந்தியாவில் கருங்காய்ச்சல் இருக்கும் இடங்களையும் அர்ஜென்டிபெஸ் ஈ கிடைக்கும் இடங்களையும் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்திப்போவதைக் காட்டினார். பூச்சி குடியிருக்கும் இடமே துப்புக் கொடுத்தது. மனிதனுக்கு ஈக் கடி மூலம் தொற்றுவதை சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் 1942-இல்தான் நிரூபித்தார்கள்.

1950-களில் மலேரியாவுக்காக வீட்டுச் சுவரில் அடித்த டிடிடி இந்த ஈயையும் கொன்று, கருங்காய்ச்சலைக் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்கியது. அடிப்பது நின்றதும் 1970-களில் பீகாரில் திரும்பி வந்தது, ஏனென்றால் வெடிப்பு அப்படியேதான் இருந்தது. மருந்து நின்றாலும் வெடிப்பு நிற்காது. சுண்ணாம்பு கலந்து பூசி வெடிப்பை மூடிப் பார்க்கும் சோதனைகளும் இதனால்தான் நடந்தன. இந்தியா, நேபாளம், வங்கதேசம் மூன்றும் 2005-இல் சேர்ந்து ஒழிப்புத் திட்டம் தொடங்கின, 2023-இல் வங்கதேசம் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இதை நீக்கிய முதல் நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றது.

ஆப்பிரிக்காவிலும் மண் வீட்டில்தான் பரவுகிறதா?

அங்கே கதை வேறு, ஒட்டுண்ணி மட்டும் அதேதான். சூடான், தெற்கு சூடான், வடமேற்கு எத்தியோப்பியாவில் ஃபிளெபாட்டோமஸ் ஓரியன்டாலிஸ் என்ற ஈ இருக்கிறது, அது கரிசல் மண்ணின் பிள்ளை. கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் இல்லையா, அந்த ஆழமான வெடிப்புகளுக்குள் ஈ ஒதுங்குகிறது. மேலே வேலமர வகையும் பாலனைட்டஸ் மரமும் கலந்த காடு. கோடைக் கடைசியில் ஈ பெருகும், அதே சமயம் வெக்கை தாங்காமல் மக்கள் வெளியே படுப்பார்கள், மாடு மேய்க்கும் பிள்ளைகள் அந்த மர நிழலில்தான் ஒதுங்குவார்கள்.

1980-களின் நடுவில் தெற்கு சூடானின் மேற்கு அப்பர் நைல் பகுதியில் வந்த கொள்ளைநோயில் பத்து ஆண்டுகளில் சுமார் ஒரு லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. போர், பட்டினி, இடப்பெயர்வு எல்லாம் சேர்ந்தது. அதோடு ஒரு சூழல் காரணத்தையும் ஆய்வாளர்கள் சொன்னார்கள்: 1960-களின் வெள்ளத்தில் அங்கே வேலமரக் காடு அழிந்து, பிறகு மெல்ல மீண்டு வளர்ந்து, ஈ குடியிருக்கிற அளவு முற்றியபோது, நோயை எதிர்க்கும் சக்தியே இல்லாத மக்கள் அதற்குள் இருந்தார்கள். மரம் வளர்ந்ததை யாரும் ஆபத்தாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கென்யாவிலும் தெற்கு எத்தியோப்பியாவிலும் இன்னொரு ஈ, ஃபிளெபாட்டோமஸ் மார்ட்டினி. அதற்குக் கறையான் புற்று. புற்றுக்குள் கறையான்களே காற்றோட்டத்தையும் ஈரத்தையும் சீராக வைத்திருக்கும், ஈ வாடகையில்லாமல் தங்கிக்கொள்கிறது. எத்தியோப்பிய மலைநாட்டில் இன்னும் வேறு: பாறைப் பிளவுகளில் பாறை முயல் போன்ற ஹைராக்ஸ் வாழ்கிறது, அதே பிளவில் ஈயும் இருக்கிறது, பாறைக்கு அருகே இருக்கும் வீடுகளில் குழந்தைகளின் முகத்தில் புண் வருகிறது.

ஈ இருந்தால் நோயும் கட்டாயம் இருக்குமா?

இருக்காது. மணல் ஈயில் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள், அதில் நூற்றுக்கும் குறைவானவைதான் நோய் பரப்புவதாகத் தெரிகிறது. சில இனத்தின் குடலில் குறிப்பிட்ட ஒரு ஒட்டுண்ணி மட்டுமே தங்கும், வேறொன்று போனால் மலத்தோடு வெளியே தள்ளிவிடும். ஒட்டுண்ணி வளர்ந்து ஈயின் வாய்ப்பகுதிக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை ஈ உயிரோடு இருந்து இன்னொரு முறை கடிக்கவேண்டும். வறண்ட இடத்தில் செடிச்சாறு கிடைக்காவிட்டால் அதற்குள் செத்துப்போகும்.

பெயர் ஒன்றாக இருப்பதாலும் ஏமாறக்கூடாது. இலங்கையில் கடிப்பதும் அர்ஜென்டிபெஸ் கூட்டத்தைச் சேர்ந்த ஈதான், ஒட்டுண்ணியும் டோனோவானிதான். ஆனால் அங்கே பெரும்பாலும் தோல் புண்ணாக வருகிறது, வீட்டுக்கு வெளியே கடிப்பதும் அதிகம். கேரளத்தில் அகத்தியமலைக் காட்டில் வாழும் காணி மக்களிடமும் இப்படித் தோல் நோய் பதிவாகியிருக்கிறது.

காட்டை வெட்டிவிட்டால் ஈ போய்விடுமா?

சில ஈ போகும், சில ஈ கூடவே வரும். அமேசானில் லுட்சோமையா அம்ப்ராட்டிலிஸ் என்ற ஈ மர உச்சியில் வாழும், அங்கேதான் அதற்கு ரத்தம் தரும் இருவிரல் ஸ்லாத் என்ற மெதுவாக நகரும் பிராணி தொங்கிக்கொண்டிருக்கும். காலையில் பெரிய மரங்களின் அடித்தண்டில் வந்து உட்காரும். அந்த மரத்தை வெட்ட வருகிறவன் கோடரியை வீசியதும் கலைந்து பகலிலேயே கடிக்கும். காடு முழுக்கப் போய்விட்டால் இந்த ஈ நிலைப்பதில்லை.

லுட்சோமையா லாஞ்சிபால்பிஸ் அப்படி இல்லை. பாறைக் குகைகளிலும் வறண்ட காட்டிலும் இருந்த ஈ, கோழிக்கூட்டையும் பன்றிக்கொட்டிலையும் கண்டதும் அங்கே வந்துவிட்டது. கோழிக்கு லீஷ்மேனியா தொற்றாது, ஆனால் ஈக்குத் தீனியும் கூட்டுக்கடியில் முட்டையிட மட்கும் தரும். பக்கத்திலேயே தெருநாய், அதன் உடம்பில் ஒட்டுண்ணி. பிரேசிலில் 1980-களின் தொடக்கத்தில் தெரெசீனா நகரத்தில் பெரிய அளவில் நோய் வெடித்தது, அதற்குப் பிறகு நகரம் நகரமாகப் பரவியது. கிராமத்து நோய் என்ற எண்ணம் அதோடு போயிற்று.

அப்படியானால் மரம் நட்டால், பூங்கா அமைத்தால் நல்லதுதானே?

பசுமை வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் என்ன பிராணி பெருகும் என்று பார்க்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயினில் மாட்ரிட் பக்கத்து ஊரான ஃபுவென்லாப்ராடா உதாரணம். ஊருக்கு அருகே பெரிய பசுமைப் பூங்கா வந்தது. வேட்டையாடும் பிராணிகள் இல்லாததால் முயல்கள் கட்டுக்கடங்காமல் பெருகின. ஏற்கெனவே அந்தப் பகுதியில் இருந்த மணல் ஈக்கு ரத்தம் தட்டுப்பாடின்றிக் கிடைத்தது. 2009 முதல் 2012 வரை நானூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு லீஷ்மேனியாசிஸ் வந்தது. வழக்கமாக அங்கே நாயைத்தான் சந்தேகிப்பார்கள், இந்த முறை ஒட்டுண்ணியைச் சுமந்தது முயல். முயல்களைப் பிடித்து எண்ணிக்கையைக் குறைத்த பிறகே நோய் தணிந்தது.

இதே வகையில், மத்தியக் கிழக்கின் மலைச்சரிவுகளில் வீடும் சாலையும் கட்டும்போது தள்ளிவிட்ட பாறைக்குவியல்களில் ஹைராக்ஸ் குடியேறி, புதுக் குடியிருப்புகளுக்குப் புண் வந்ததும் உண்டு.

மலையில் உயரம் போகப்போகக் குறையுமா?

இனத்தைப் பொறுத்தது. அர்ஜென்டிபெஸ் பெரும்பாலும் 600 மீட்டருக்குக் கீழேதான், ஆனாலும் நேபாள மலை மாவட்டங்களில் அண்மைக் காலத்தில் நோயாளிகள் இருக்கிறார்கள். பெருவில் லுட்சோமையா வெருக்காரம் என்ற ஈ ஆண்டிஸின் செங்குத்தான பள்ளத்தாக்குகளில் சுமார் 500 முதல் 3,000 மீட்டர் வரை வாழ்கிறது. அது பரப்புவதுதான் முன்பு சொன்ன காரியோன் நோய். 1870-களில் அங்கே ரயில் பாதை போட்ட தொழிலாளர்கள் அதில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1885-இல் டேனியல் காரியோன் என்ற மருத்துவ மாணவர், நோய் எப்படித் தொடங்குகிறது என்று அறிய நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்ததைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு, அந்தக் காய்ச்சலிலேயே இறந்தார். அவர் பெயரில்தான் நோய் வழங்குகிறது. 1913-இல் டவுன்சென்ட் என்ற பூச்சியியலாளர், குறிப்பிட்ட பள்ளத்தாக்குகளில் மட்டும், அதுவும் இரவில் தங்குபவர்களுக்கே வருகிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, அந்த எல்லைக்குள் இரவில் கடிக்கிற பூச்சி எது என்று தேடி மணல் ஈயிடம் போய்ச் சேர்ந்தார்.

வெப்பம் ஏறுவதால் புது இடங்களுக்கு வருமா?

வந்துகொண்டுதான் இருக்கிறது. வட இத்தாலியில் முன்பு அரிதாக இருந்த நாய் லீஷ்மேனியாசிஸ் 1990-களுக்குப் பிறகு பரவியிருக்கிறது. குளிர்காலம் லேசானால் புழு பிழைக்கும், கோடை நீண்டால் ஆண்டுக்கு இன்னொரு தலைமுறை கிடைக்கும். ஆனால் வெப்பம் மட்டும் போதாது, அதிகமாகிக் காய்ந்துபோனால் ஈக்குமே ஆகாது. பாசனம் வந்த பாலை, கைவிட்ட வயல், இடிபாடு குவிந்த போர் நகரம், இவையெல்லாம் வெப்பமானியில் தெரியாத மாற்றங்கள்.

ஈ எங்கே இருக்கும் என்று வரைபடம் எப்படிப் போடுகிறார்கள்?

ஆமணக்கெண்ணெய் தடவிய காகிதத்தை வளை வாயிலும் சுவர் வெடிப்பிலும் இரவு செருகி வைத்து, காலையில் ஒட்டிய ஈயை எண்ணுவது பழைய முறை, இன்றும் நடக்கிறது. சின்ன விளக்கும் விசிறியும் வைத்த பொறியும் உண்டு. பிடித்த இடங்களையும், செயற்கைக்கோள் தரும் பசுமை, வெப்பம், மண்வகை, உயரம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணினியில் கணக்கிட்டு, பிடிக்காத இடங்களிலும் இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று வண்ணம் தீட்டுகிறார்கள். சூடானுக்குக் கரிசல் மண்ணையும் வேலமரக் காட்டையும் வைத்து இப்படிப் போட்டது நன்றாகவே வேலை செய்கிறது. வீட்டுச் சுவர் வெடிப்பை மட்டும் மேலேயிருந்து பார்க்க முடியாது, அதற்கு ஆள் நடந்துதான் போகவேண்டும்.

கொசுவலை காப்பாற்றுமா? வேறு என்ன செய்யலாம்?

சாதாரண வலையின் கண்ணுக்குள் இந்த ஈ நுழைந்துவிடும். கண் மிகச் சிறியதாக இருக்கவேண்டும், அல்லது பூச்சிமருந்து தோய்த்த வலையாக இருக்கவேண்டும். இந்தியாவிலும் நேபாளத்திலும் கிராமம் கிராமமாக மருந்து வலை கொடுத்துப் பார்த்த பெரிய சோதனையில் கருங்காய்ச்சல் தொற்று எதிர்பார்த்தபடி குறையவில்லை, எனவே வலையை மட்டும் நம்பவேண்டாம். வீட்டுக்குள் கடிக்கிற இடத்தில் சுவர் வெடிப்பை அடைத்துப் பூசுங்கள், தொழுவத்தையும் கோழிக்கூட்டையும் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள், சாணமும் சருகும் சுவரோரம் சேரவிடாதீர்கள். வளை இருக்கும் வெளியில், புற்றுக்குப் பக்கத்தில், பாறைப் பிளவுக்கு அருகில் தரையில் படுக்காதீர்கள். இதன் ஊசி குட்டை, துணியைத் தாண்டிக் குத்தாது, மாலை முதல் விடியும்வரை கைகால் மூடிய உடை நல்ல பயன் தரும். நாய் வளர்ப்பவர்கள், ஊரில் நாய் மூலம் பரவும் வகை இருந்தால், அதற்கான மருந்துக் கழுத்துப்பட்டை கட்டுங்கள்.

ஆறாத புண் இருக்கிறது, மருத்துவரிடம் என்ன சொல்லவேண்டும்?

கடித்த பல வாரம், சில சமயம் மாதங்கள் கழித்தே புண் தெரியும், கருங்காய்ச்சலும் அப்படித்தான், அதனால் போன வாரம் எங்கே போனீர்கள் என்று மட்டும் யோசித்தால் போதாது. கடந்த ஓராண்டில் எங்கே இரவு தங்கினீர்கள் என்று சொல்லுங்கள். ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல், தரையில் படுத்தீர்களா, பக்கத்தில் தொழுவம் இருந்ததா, எலி வளையோ குகையோ காடோ இருந்ததா, நாய் இருந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் காய்ச்சல், மெலிவு, இடதுபக்க விலாவுக்குக் கீழ் வயிறு உப்பல் மூன்றும் இருந்தால் தாமதிக்காதீர்கள். இதற்கு மருந்து இருக்கிறது, சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும்.